அதே குருவிதானா? சலீம் அலியும் ஒரு சின்ன வளையமும்

ஒக்டோபர் மாதக் கடைசி. இரவு முழுக்க மழை. விடியப்புறம் விறாந்தைக் கதவைத் திறந்தால், செருப்புகளுக்கு நடுவே ஒரு குருவி குந்தியிருந்தது. முதுகு பச்சை, செட்டையில் நீலக் கீற்று, நெஞ்சு சந்தன நிறம், வாலடியில் குங்குமச் சிவப்பு, கண்ணை மறைத்து ஒரு கறுப்புப் பட்டி. வால் என்று பேருக்கு ஒன்று. கையில் எடுத்தபோதும் பறக்கவில்லை, அவ்வளவு களைப்பு. ஆறுமணிக்குருவி.

பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "போன வருசம் வந்த அதே குருவிதான் தம்பி. எங்கட மாமரத்துக்குக் கீழதான் பங்குனி மட்டும் நிண்டது."

"எப்படி மாமி தெரியும்?"

"தெரியாமலா? ஒவ்வொரு வருசமும் அதே மரம், அதே நேரம், அதே சத்தம்."

மாமியின் பேச்சைச் சிரித்துத் தள்ளிவிடலாம். எனக்கு அப்படித் தள்ள மனம் வரவில்லை. ஏனென்றால் மாமி சொன்னது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அவர் சொன்ன சாட்சியம் போதாது. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை நிரப்பத்தான் பறவைகளின் காலில் வளையம் பூட்டும் வேலை தொடங்கியது. அதைத்தான், இந்தியப் பறவை அறிஞர் சலீம் அலியின் கதையோடு சேர்த்து, இங்கே கொஞ்சம் விளக்கப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். இனம் எது என்று சொல்வது வேறு, ஆள் யார் என்று சொல்வது வேறு. விறாந்தையில் இருந்தது ஆறுமணிக்குருவி என்று நிறத்தைப் பார்த்தே சொல்லிவிட்டேன். அது இனம். போன வருடம் மாமரத்தடியில் சருகு கிளறித் திரிந்த அந்த ஒன்றுதான் இது என்று சொல்ல வேண்டுமானால், உலகத்தில் உள்ள மற்ற எல்லா ஆறுமணிக்குருவிகளிலிருந்தும் இதைப் பிரித்துக் காட்ட ஏதாவது அடையாளம் வேண்டும். கரைவலையில் கொத்துக் கொத்தாகப் பட்ட சூடைமீனில், நேற்று வலையைத் தப்பிய சூடை எது என்று யாராவது காட்ட முடியுமா? எல்லாம் ஒரே முகம்.

கிண்ணியா, மூதூர்ப் பக்கம் பட்டிமாடு வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சங்கதியை விளக்கவே தேவையில்லை. காட்டில் மேயவிட்ட மாடு எவருடையது என்று தெரியத்தானே குறி சுடுகிறார்கள்? பறவையின் காலில் பூட்டும் வளையமும் அந்தக் குறிதான். ஒரேயொரு வித்தியாசம்: மாட்டுக் குறி உடையவனைச் சொல்லும், வளையத்தில் உள்ள எண் அந்தப் பறவையையே சொல்லும். ஒரு எண் ஒரு பறவைக்குத்தான். அது செத்த பிறகும் அந்த எண் வேறு பறவைக்குப் போகாது.

குறி வைப்பதற்கு முன் காலத்தில் என்ன நினைத்தார்கள் என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். குளிர்காலத்தில் காணாமல் போகும் தகைவிலான் குருவிகள் ஏரிச் சேற்றுக்குள் புதைந்து தூங்குகின்றன என்று ஐரோப்பாவில் படித்தவர்களே எழுதி வைத்தார்கள். 1822இல் ஜேர்மனியில் ஒரு வெள்ளை நாரையைச் சுட்டு வீழ்த்தியபோது, அதன் கழுத்தை ஊடுருவி ஏறத்தாழ 80 சென்ரிமீற்றர் நீளமான ஈட்டி ஒன்று நின்றது. ஆபிரிக்க ஈட்டி. அதைச் சுமந்துகொண்டே அது திரும்பி வந்திருக்கிறது. பாடம் செய்த அந்த நாரையை ரொஸ்ரொக் பல்கலைக்கழகத்தில் இன்றும் வைத்திருக்கிறார்கள். எவனோ ஒரு வேடன் தன்னை அறியாமலே ஒரு பறவைக்குக் குறி வைத்துவிட்டான். ஐரோப்பா ஒரு பதிலைப் பெற்றது.

இப்படி ஈட்டி வந்து குத்தும் வரைக்கும் காத்திருக்க வேண்டாம் என்று நினைத்தவர் டென்மார்க்கில் வீபோர்க் என்ற ஊரில் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்த மோர்ட்டென்சன். 1899இல் மைனா வகைக் குருவிகளைப் பிடித்து, எண்ணும் முகவரியும் பொறித்த அலுமினிய வளையங்களைக் காலில் பூட்டிப் பறக்கவிட்டார். கண்டெடுப்பவர் கடிதம் எழுதுவார் என்ற நம்பிக்கை மட்டும்தான். இன்று உலகம் முழுக்க நடக்கும் வேலைக்கு அடித்தளம் அதுதான்.

சரி, இதில் சலீம் அலி எங்கே வருகிறார்?

அவர் 1896 நவம்பர் 12 அன்று பம்பாயில் பிறந்தவர். மூன்று வயதுக்குள் தாய் தகப்பன் இருவரும் போய்விட்டார்கள். தாய்மாமன் அமீருதீன் தயாப்ஜியும் மாமி ஹமீதா பேகமும்தான் வளர்த்தார்கள். பத்து வயதளவில் விளையாட்டுக் காற்றுத் துப்பாக்கியால் ஒரு சிட்டை விழுத்தினார். பார்த்தால் சாதாரணச் சிட்டு. ஆனால் தொண்டையில் ஒரு மஞ்சள் பொட்டு. இதை உண்ணலாமா கூடாதா என்று மார்க்கப்படி ஒரு சந்தேகம் வர, மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினார். மாமாவுக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்ட்டிடம் கடிதம் கொடுத்து அனுப்பினார். மில்லார்ட் அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னதோடு நிற்காமல், அலுமாரி அலுமாரியாக இருந்த பறவைத் தோல்களையும் திறந்து காட்டினார். பையன் அன்றைக்கு விழுந்தவன்தான், பிறகு எழும்பவேயில்லை.

ஆனால் நேராகப் பறவை ஆராய்ச்சிக்கு வந்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். கல்லூரியை இடையில் விட்டார், பர்மாவில் தவோய் பகுதிக்குப் போய் வுல்பிராம் என்ற உலோகத்தாதுச் சுரங்கமும் மரவியாபாரமும் பார்த்த குடும்பத்தவரோடு சேர்ந்தார், வியாபாரம் சரிவரவில்லை. பல்கலைக்கழகப் பட்டம் இல்லாததால் அரசாங்க விலங்கியல் துறையில் வேலை கிடைக்கவில்லை. 1926இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் வழிகாட்டி விரிவுரையாளர் வேலை கிடைத்தது. அதில் விடுப்பு எடுத்துக்கொண்டு 1929இல் பேர்லினுக்குப் போய் எர்வின் ஷ்ட்ரேஸமான் என்ற பெரிய பறவை அறிஞரிடம் பயின்றார். வளையம் பூட்டும் கைவேலையைக் கற்றுக்கொண்டதும் அந்தப் பயணத்தில்தான்: வட கடலில் உள்ள ஹெலிகோலாந்து என்ற சின்னத் தீவின் பறவை ஆய்வு நிலையத்தில். வலசை போகும் பறவைகள் இளைப்பாற இறங்கும் தீவு அது. வாய் அகன்று போகப் போக ஒடுங்கும் பெரிய கூண்டுகளை வைத்துப் பிடிப்பார்கள். நம்மூர்க் களப்பில் கட்டுவலை வைத்து இறாலை ஒடுக்கிக் கொண்டுபோவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்தால் வேலை இல்லை. பணமில்லை என்று பதவியையே எடுத்துவிட்டார்கள். சலீம் அலியும் மனைவி தெஹ்மினாவும் பம்பாய்த் துறைமுகத்துக்கு அக்கரையில் உள்ள கிஹிம் என்ற கடலோரக் கிராமத்துக்குக் குடிபோனார்கள். வீட்டுப் பக்கத்தில் ஒரு மரம் நிறையத் தூக்கணாங்குருவிக் கூடுகள். வேலையில்லாத மனிதர் மாதக்கணக்காக அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வாழ்க்கையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். விருதுகளைப் பற்றிச் சொல்பவர்கள் இதை இரண்டு வரியில் கடந்துவிடுகிறார்கள்.

தம்பலகாமத்து வயலோரப் பனைகளிலும் உடைமரங்களிலும் தூக்கணாங்கூடு பார்க்காதவர் நம்மில் குறைவு. பார்த்தவர் எல்லாருக்கும் ஒரு சந்தேகம் வந்திருக்கும்: ஏன் பாதிக் கூடுகள் அரைகுறையாகத் தொங்குகின்றன? சேவலுக்குச் சோம்பல் என்பார்கள். ஒரு சேவல், ஒரு பேடு, ஒரு கூடு என்ற குடும்பக் கணக்கை வைத்துக்கொண்டு பார்த்தால் அப்படித்தான் தோன்றும். சலீம் அலி கூட்டத்தைக் கூட்டமாகப் பார்க்கவில்லை. எந்தச் சேவல் எந்தக் கூட்டுக்கு உரியது, எந்தப் பேடு எதற்குள் போனது என்று ஆள் ஆளாகப் பார்த்தார். அப்போதுதான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. சேவல் தலைக்கவசம் போன்ற பாதிக் கூட்டைக் கட்டி, அதோடு நிறுத்திக்கொள்கிறது. பேடுகள் வந்து வீடு பார்க்கின்றன. பிடித்துவிட்டால் பேடு அங்கேயே தங்கிவிடும். சேவல் மீதியையும், கீழே தொங்கும் குழாய் வாசலையும் பின்னி முடிக்கும். பேடு முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும், சேவல் பக்கத்திலேயே அடுத்த கூட்டுக்கு நார் கிழிக்கப் போய்விடும், அடுத்த பேட்டை எதிர்பார்த்து. எந்தப் பேடும் ஏற்காத கூடுதான் அரைகுறையாகத் தொங்குவது. ஒன்றன் பின் ஒன்றாகப் பல துணை என்ற இந்த வழக்கத்தை அவர் 1931இல் எழுதி வெளியிட்டார். (கூட்டுக்குள் களிமண் அப்பியிருப்பது உண்மை. அதில் மின்மினியை ஒட்டி விளக்கு வைக்கிறது என்பது ஆச்சிமார் கதை. கதை நல்ல கதைதான்.)

வளையம் பூட்டுவதன் உள்ளே இருக்கும் எண்ணமும் இதுவேதான். இனத்தைப் பார்க்காதே, ஆளைப் பார். ஒரு மரத்தில் இருக்கும் கூட்டத்தைக் கண்ணால் பின்தொடரலாம். இமயமலைக்குப் பறந்துவிட்டதை எப்படிப் பின்தொடர்வது? அதற்குத்தான் எண்.

இந்தியாவில் பெரிய அளவில் அது தொடங்கிய கதைக்குள் ஒரு காய்ச்சல் இருக்கிறது. 1957இல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. மனிதருக்கும் காய்ச்சல் பரவியது. குரங்குக் காய்ச்சல் என்றே அதற்குப் பெயர் வந்தது. உண்ணியால் பரவும் அந்தக் கிருமி, சைபீரியப் பக்கம் காணப்படும் ஒரு மூளைக்காய்ச்சல் கிருமிக்கு நெருங்கிய சொந்தம். அப்படியென்றால் சைபீரியாவிலிருந்து வலசை வரும் பறவைகள் உண்ணியைச் சுமந்துவந்து இறக்கினவோ? இதற்கு விடை தேட, எந்தப் பறவை எங்கிருந்து எங்கே போகிறது என்று தெரிய வேண்டும். உலக சுகாதார நிறுவனம் பணம் கொடுத்தது. சலீம் அலியின் தலைமையில் பம்பாய்க் கழகம் 1959இல் வளையமிடும் திட்டத்தைத் தொடங்கியது.

பறவைகள்தான் குற்றவாளி என்பது நிரூபணமாகவில்லை. ஆனால் வழக்கு விசாரணையில் சேர்ந்த சாட்சியம் வேறு வகையில் பயன்பட்டது. ராஜஸ்தானின் பரத்பூரில் வளையம் பூட்டிய வாத்துகள் சைபீரியாவில் கிடைத்தன. பரத்பூரில் பறவை பிடித்துக் கொடுத்தவர்கள் பீகாரைச் சேர்ந்த மிர்ஷிகார்கள், அதாவது பரம்பரை பரம்பரையாகப் பறவை பிடித்து விற்றவர்கள். பட்டம் பெற்ற எவருக்கும் கைவராத வித்தை அவர்களுடையது. பிற்காலத்தில் அமெரிக்க இராணுவத்தின் ஒரு பிரிவும் இத்தகைய ஆய்வுகளுக்குப் பணம் கொடுத்தது தெரியவர, இது கிருமி ஆயுத வேலையோ என்று இந்தியப் பாராளுமன்றம் வரைக்கும் சந்தேகம் போனது. காலில் ஒரு வளையம் பூட்டியதற்கு இவ்வளவு அரசியல்.

அந்த வளையங்களில் ஒன்று எப்படியிருக்கும்? எண்ணோடு, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அறிவிக்கவும் என்ற பொருள்படும் ஆங்கிலச் சொற்கள் சுருக்கமாகப் பொறிக்கப்பட்டிருக்கும். தகைவிலான் அளவு குருவிக்குப் பூட்டும் வளையம் இரண்டு மூன்று நெல்மணி நிறைதான் வரும். கடற்பறவைகளுக்கு அலுமினியம் சரிவராது. உப்புக்காற்றில் அலுமினியம் என்ன பாடுபடும் என்று திருகோணமலையில் ஜன்னல் வைத்தவர்களுக்குத் தெரியும். அதற்குக் கடினமான உருக்கு வகை.

பிடிப்பதற்கு மெல்லிய நூல்வலை. தங்கூசி வலை தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாததுபோல இது காற்றில் தெரியாது. ஆனால் நூல் மென்மையானது, காலை வெட்டாது. இரண்டு கம்புக்கு நடுவே கட்டினால், மோதும் குருவி கீழே தொய்ந்திருக்கும் மடிப்புக்குள் விழும். வலையை விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போக முடியாது; அடிக்கடி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், வெயிலிலும் மழையிலும் கட்டக்கூடாது. எடுத்த குருவியைத் துணிப்பையில் போட்டு நிறுத்து, செட்டை நீளம் அளந்து, இறகு உதிர்ந்து புதிது முளைக்கிறதா என்று பார்த்து, நெஞ்சு இறகை வாயால் ஊதி விலக்கித் தோலுக்குக் கீழே கொழுப்பு எவ்வளவு என்று பார்ப்பார்கள். அந்த மஞ்சள் கொழுப்புதான் பயணத்துக்குப் போட்ட பெற்றோல். அப்புறம் துளையுள்ள ஒரு விசேஷக் குறட்டால் வளையத்தை நெருக்கிப் பூட்டுவார்கள். அது காலில் சுழலவும் மேலே கீழே நகரவும் வேண்டும், கழன்று விழக்கூடாது. பழகிய கைக்கு எல்லாம் சில நிமிட வேலை.

பூட்டிய வளையங்களில் பெரும்பாலானவற்றின் கதை அதோடு முடிந்துவிடும். சின்னக் குருவிகளில் நூறு வளையம் பூட்டினால் ஒன்றைப் பற்றிக்கூடத் தூர இடத்திலிருந்து சேதி வராது. இந்த வேலையில் இருப்பவர்களுடைய பொறுமையை நினைத்தால் எனக்குப் பயமாகவே இருக்கிறது. ஆனால் வந்த ஒன்று இரண்டு சேதிகள் சொல்லும் செய்தி வேறெந்த வழியிலும் கிடைக்காது. பசிபிக் கடலின் மிட்வே தீவில் 1956இல் வளையமிட்ட ஒரு அல்பட்ரோஸ் பறவை 2024இலும் முட்டையிட்டது. அந்த எண் இல்லாவிட்டால் எவர் நம்புவார்? அதே வலையில், அதே இடத்தில், அடுத்தடுத்த வருடங்களில் அதே எண் திரும்பவும் விழுவதும் உண்டு. பல வலசைக் குருவிகள் குளிர்காலத்துக்கு ஒரே தோட்டத்துக்குத் திரும்பத் திரும்ப வருகின்றன என்று தெரிந்துகொண்டது அப்படித்தான். மாமி கவனிக்க.

தமிழ்நாட்டில் இந்த வேலைக்குப் பேர்போன இடம் கோடியக்கரை. 1967இல் அது சரணாலயமானது. திருகோணமலையிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 240 கிலோமீற்றர்தான். இலங்கைக்கு வலசைப் பறவைகள் மேற்கு வழி, கிழக்கு வழி, அந்தமான் வழி என்று மூன்று வழியால் வருவதாகச் சொல்வார்கள். நம்முடையது கிழக்கு வழி. இந்தியாவின் கிழக்குக் கரையைப் பிடித்து இறங்கி, நீரிணையைக் கடந்து, நம் கரையால் தெற்கே போகும் வழி. வாடை தொடங்கும் காலத்தில் நிலாவெளி உப்பளப் பக்கம், பெரியகரைச்சிக் களப்பு, கந்தளாய்க் குளம் என்று ஒரு சுற்றுப் போனால் உள்ளான்களும் ஆலாக்களும் கிளுவை வாத்துகளும் நிறைந்திருக்கும். நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாமலைத் தீவின் புறாக்கள் வேறு கதை. அவை இங்கேயே பிறந்து இங்கேயே சாகிறவை.

ஷ்ட்ரேஸமானிடம் படித்தவர் பிறகு ஹைதராபாத், திருவிதாங்கூர், கொச்சி என்று சமஸ்தானம் சமஸ்தானமாகப் பறவைக் கணக்கெடுத்தார். 1939இல் தெஹ்மினாவை இழந்தார். அமெரிக்கப் பறவை அறிஞர் சிட்னி டில்லன் ரிப்ளேயோடு சேர்ந்து 1968 முதல் 1974 வரை 10 தொகுதிகளாக வெளியிட்ட பெருநூல் இந்தியா, பாகிஸ்தானோடு நம் நாட்டுப் பறவைகளையும் சேர்த்தே பேசுகிறது. வளையத்தில் இருந்த எண்கள் அங்கே, இன்ன பறவை இன்ன இடத்திலிருந்து வருகிறது என்ற வாக்கியங்களாக மாறி உட்கார்ந்திருக்கின்றன. 1976இல் பத்ம விபூஷண் விருது, 1985இல் இந்திய மாநிலங்களவை உறுப்பினர் பதவி, 1987 ஜூன் 20 அன்று 90 வயதில் மரணம். கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் ஆனைகட்டியில் அவர் பெயரில் ஒரு ஆய்வு மையம் இருக்கிறது. தேனிப் பக்கத்து மலையில் கிடைத்த ஒரு பழந்தின்னி வௌவாலுக்கும் அவர் பெயர்தான். பறவைக்காரருக்கு வௌவாலா என்று கேட்காதீர்கள்.

இப்போது செய்மதிக் கருவிகள் வந்துவிட்டன. 2021இல் மன்னாரில் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கருவி பூட்டி மேகா என்று பெயரும் வைத்த ஒரு கடற்காகம், வடக்கே பறந்து ரஷ்யாவின் ஆர்க்டிக் கரையில் உள்ள யமால் தீபகற்பம் வரை போனதைக் கணினியில் இருந்தபடியே பார்த்தார்கள். வளையம் இரண்டு புள்ளிகளைத்தான் சொல்லும்: பூட்டிய இடம், கண்டெடுத்த இடம். கருவி நடுவில் உள்ள கோட்டையும் சொல்லும். அப்படியென்றால் வளையம் எதற்கு என்று கேட்கலாம். கருவிக்கு விலை அதிகம், நிறையும் அதிகம். கோழிமுட்டை நிறை உள்ள ஆறுமணிக்குருவியின் முதுகில் கண்டதையும் கட்ட முடியாது. கருவியின் ஆயுள் சில வருடம். வளையத்தின் ஆயுள் பறவையின் ஆயுள்.

கடற்கரையிலோ வலையிலோ வளையம் போட்ட பறவை கிடைத்தால், உயிரோடு இருப்பதன் காலிலிருந்து அதைக் கழற்றக் கூடாது. எண்ணையும் எழுத்தையும் போனில் படமெடுத்து, திகதியையும் இடத்தையும் குறித்து, பறவையை விட்டுவிட வேண்டும். செத்திருந்தால் வளையத்தை எடுத்து நிமிர்த்தாமல் வைத்துக்கொள்ளலாம். பிறகு வளையத்தில் பெயர் உள்ள நிறுவனத்துக்கோ, வனசீவராசிகள் திணைக்களத்துக்கோ சேதி சொன்னால் போதும். எங்கே, எப்போது பூட்டியது என்று பெரும்பாலும் பதில் வரும்.

விறாந்தைக் குருவியை ஒரு சப்பாத்துப் பெட்டியில் துளையிட்டு இருட்டாக வைத்தேன். பின்னேரம் மழை விட்டதும் மாமியின் மாமரத்தடிக்கே கொண்டுபோய்த் திறந்தேன். விடுவதற்கு முன் இரண்டு காலையும் பார்த்தேன். வெறுங்கால்.

"அப்ப ஒரு வளையத்தைப் போட்டு விடன். அடுத்த வருசம் தெரியும்தானே," என்றார் மாமி.

"நினைச்ச ஆள் எல்லாம் போட ஏலாது மாமி. பயிற்சி வேணும், திணைக்களத்திட அனுமதி வேணும்."

மாமி பெட்டிக்குள் பார்த்தார். குருவி இரண்டு தத்துத் தத்தி, சருகுக்குள் போய் மறைந்தது.

"இமயமலையில இருந்து வாற அதுக்கு ஒருத்தற்ற அனுமதியும் தேவையில்ல. இஞ்ச இருக்கிற உனக்கு வேணுமோ," என்று சொல்லிவிட்டு, விளக்கு வைக்க உள்ளே போய்விட்டார்.